ஒரு முழம் தண்ணீர்

"படகுக்கு லிஃப்ட்டா?" என்று யாராவது சிரித்தால் பரிமளாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன், பத்தாவது மாடிக்குப் போற மனுசனுக்கு லிஃப்ட் இருக்கலாம், படகுக்கு இருக்கக் கூடாதா?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்டதோடு விடவும் மாட்டாள். கையைப் பிடித்து உட்கார வைத்து விளக்குவாள். உப்பங்கழித் தண்ணீரிலேயே கிடக்கிற படகின் அடியில் சிப்பி அப்பும், பாசி பிடிக்கும், போகப் போக ஃபைபர் கொப்புளிக்கும். அதனால் நாலு தூண் நட்டு, நடுவில் ஒரு தொட்டிலைக் கம்பிக்கயிற்றில் தொங்கவிட்டு மோட்டாரைப் போட்டால், படகு தொட்டிலோடு மேலே வந்து காற்றாட நிற்கும். வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். விஷயம் இவ்வளவுதான். இதற்குப் போய் கோவளத்துக் குப்பமே அவளைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கிற வாய்க்கெல்லாம் பூட்டுப் போட முடியுமா?

அவள் புருஷன் மூர்த்தி மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தவன். விடியுமுன் கம்பெனி பஸ், இருட்டியபின் கம்பெனி பஸ் என்று அலைந்து சலித்துப்போய் நின்றுவிட்டான். முட்டுக்காட்டுக் கழியோரம் வரிசையாகப் பங்களாக்கள் எழுந்த சமயம் அது. பங்களா கட்டியவர்கள் படகு வாங்கினார்கள். படகு வாங்கியவர்களுக்குப் படகுத்துறை தேவைப்பட்டது. புருஷனும் பெண்டாட்டியும் துணிந்து இறங்கிவிட்டார்கள். துறை கட்டினார்கள், இற்றுப்போன பலகையை மாற்றினார்கள், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய லிஃப்ட்டுகளுக்கு எண்ணெய் போட்டார்கள், கயிறு மாற்றினார்கள். ஆனால் தாங்களே முழுசாகச் செய்த லிஃப்ட் என்று ஒன்று அதுவரை கிடையாது. சதாசிவம் சார் வீட்டில் செய்ததுதான் முதல் லிஃப்ட்.

சதாசிவம் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி கல்யாணி சேரன்மாதேவிக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் தாமிரபரணியை இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்திக் கடந்த ஆள். இரண்டு வருஷம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. பேச்சு மட்டும் பிழைத்துக்கொண்டது. கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் ஒரு சொல்லும் வீணாக வராது. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கழியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துப் பார்த்து சதாசிவத்துக்குத்தான் மனசு தாங்கவில்லை. ஒரு படகு வாங்கினார். வாங்கிய பிறகுதான் நிலைமை புரிந்தது: துறைக்கும் படகுக்கும் நடுவே இறங்குவதற்கு ஆளுயரம். தூக்கிக்கொண்டு இறக்கலாம் என்றால் கல்யாணி ஒத்துக்கொள்ளவில்லை. "மூட்டை தூக்குற மாதிரி என்னைத் தூக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் பரிமளா அந்த யோசனையைச் சொன்னாள். "சார், படகத் தொட்டில்ல வச்சித் துறை மட்டத்துக்குத் தூக்கிடுவோம். ஒரு பலகையப் போட்டா அம்மா நாற்காலியோட நேரா உள்ள போயிடலாம். அப்புறம் மெதுவா தண்ணில எறக்கி வுட்டுர்லாம். யாரும் அவங்கள தொடவே வேணாம்."

சதாசிவம் எழுந்து உள்ளே போய் மனைவியிடம் சொன்னார். உள்ளேயிருந்து கல்யாணி சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அந்தச் சத்தத்தைப் பரிமளா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். அந்த நிமிஷமே இந்த வேலையைத் தலையை அடகு வைத்தாவது முடித்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள்.

எல்லோருக்கும் பிடித்தது, ஒருத்தியைத் தவிர. மகள் வைஷாலி பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அம்மாவுக்கு மாத்திரை என்ன, மருத்துவர் யார், எத்தனை மணிக்குத் தூக்கம் எல்லாம் அவள் கையில்தான். நல்ல பெண்தான், கெட்டவள் இல்லை, பயந்தவள். "ஒரே ஒரு தடவை பார்க்கிறேன்ப்பா. ஏதாவது ஒண்ணு சரியா வரலைன்னா அன்னைக்கே படகை வித்துடணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றாள். சதாசிவமும் வேறு வழியில்லாமல் சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஆக, ஒரே ஒரு தடவை.

சதாசிவம் வரைபடம் போட்டுக் கொடுத்தார். தூண் எவ்வளவு உயரம், தொட்டில் எதுவரை இறங்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. பரிமளா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "பத்தாது சார். போன புயல்ல தண்ணி உங்க மதிலத் தாண்டிச்சில்ல? எல்லாத்தையும் ஒரு மொழம் ஏத்திப் போடுவோம். மோட்டாரு நனைஞ்சா பேஜாரு."

அவரும் யோசித்துப் பார்த்து, "அதுவும் சரிதான், ஏத்திடுங்க" என்றார். ஏற்றினார்கள். தூணை ஏற்றினார்கள், மோட்டாரை ஏற்றினார்கள், தொட்டில் கடைசியாகப் போய் நிற்கிற தடுப்பையும் சேர்த்து ஒரு முழம் ஏற்றி மூர்த்தி பற்றவைத்துவிட்டான். கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் ஏறிவிடுமோ என்றுதான் பயம். தண்ணீர் ஓடிப்போய்விடும் என்று எவனாவது பயப்படுவானா?

வெள்ளோட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் குறித்தார்கள். அமாவாசை கழிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அதற்கு முந்தின வாரம் முழுக்க மழை, கழி ததும்பிக்கொண்டிருந்தது. பரிமளாவின் மாமியார் சொர்ணம் மீன் விற்கிற கூடையை அன்றைக்கு ஓரமாகக் கவிழ்த்துவிட்டு, தேங்காய், பூசணிக்காய், சூடம், சர்க்கரைப் பொங்கல் குண்டான் சகிதம் வந்து இறங்கினாள். சொர்ணம் வந்தால் ஆள் வந்த மாதிரி இருக்காது, ஊர்வலம் வந்த மாதிரி இருக்கும். உடம்பும் அப்படி, குரலும் அப்படி.

படகு துறை மட்டத்தில் தொட்டிலில் அமர்ந்திருந்தது. சொர்ணம் அதன் மூக்கில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து கங்கையம்மனைக் கூப்பிட ஆரம்பித்தாள். அவள் கூப்பிட ஆரம்பித்தால் ஒரு அம்மனோடு நிற்காது. கரை நெடுக இருக்கிற அத்தனை அம்மனும் வந்து சேர்ந்த பிறகுதான் தேங்காய் உடையும். எல்லோரும் கைகூப்பிச் சூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு பலகையைப் போட்டார்கள். கல்யாணி நாற்காலியோடு படகுக்குள் போனாள். சக்கரங்களைப் பிடித்துக்கொள்ள மூர்த்தி செய்திருந்த கவ்விகள் கச்சிதமாகப் பூட்டிக்கொண்டன. ஓட்டுவதற்குப் பரிமளா ஏறினாள். மூத்த சுமங்கலி ஒருத்தி கூட இருக்க வேண்டும் என்று தானே சட்டம் போட்டுக்கொண்டு சொர்ணமும் ஏறினாள். வைஷாலி அம்மாவுக்கு மிதவைச் சட்டையை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, திருப்தி இல்லாமல் இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தாள்.

"ஏறியாச்சா? இன்மே கேட்டுக்கோங்க" என்றாள் சொர்ணம். "புதுப் படகுல ஏறினவங்க அது தண்ணி தொடாம எறங்கக் கூடாது. எங்க குப்பத்து வழக்கம். டேய் மூர்த்தி, அமுத்துடா பட்டன!"

மூர்த்தி அமுக்கினான். மோட்டார் முனகியது, கம்பிக்கயிறு அவிழ்ந்தது, படகு அழகாக இறங்கியது. சதாசிவம் கைபேசியில் வீடியோ எடுத்தார். கல்யாணி இடது கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இப்போது நனையும், இதோ நனையும் என்று எட்டிப் பார்த்தாள்.

டக். மோட்டார் நின்றது.

படகு தண்ணீரில் இல்லை. அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே ஒரு சாண் காற்று. அதற்கும் கீழே தண்ணீர், கரையோரத்தில் பளபளவென்று புதுச் சேறு.

ஒரு கொக்கு சேற்றில் இறங்கி நின்று படகை நிமிர்ந்து பார்த்தது.

"இன்னாயா இது? இன்னும் எறக்கு!" என்றாள் பரிமளா.

"எங்க எறக்குறது? கயிறு முடிஞ்சிபோச்சி, தடுப்புல முட்டிக்கினு நிக்கிது" என்றான் மூர்த்தி. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

பரிமளா அண்ணன் முனிசாமிக்குப் போன் போட்டாள். அவன் குப்பத்தில்தான் இருந்தான். "உனுக்குத் தெரியாதா?" என்றான் சாவகாசமாக. "மழத் தண்ணி ஊருக்குள்ள வரப் பாத்துச்சில்ல? காலைல ஜேசிபி வந்து முகத்துவாரத்து மணல வெட்டி வுட்டுட்டாங்க. கழித் தண்ணி மொத்தமும் கடலுக்கு ஓடிக்கினு கீது. இன்னா ஜோரா ஓடுது தெரியுமா, வந்து பாரேன்!"

பரிமளா போனை வைத்தாள். மானம் கப்பலேறிவிட்டது, படகுதான் தண்ணீரில் இறங்கவில்லை. சதாசிவம் சாரின் வரைபடத்தில் இருந்த உயரத்திலேயே விட்டிருந்தால் தொட்டில் இந்நேரம் தண்ணீரில் இருந்திருக்கும். ஏற்று ஏற்று என்று வாய்கிழியப் பேசியது யார்? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொண்டாள்.

"சார், தப்பு என்னுதுதான். அந்த ஒரு மொழம்... தடுப்ப வெட்டிக் கயிற நீட்டினா சரியாப் பூடும். ஆனா படகு காலியா இருந்தாத்தான் செய்ய முடியும். நாளைக்கு முடிச்சிக் குட்த்துர்றேன்."

"நானும்தானே ஒத்துக்கிட்டேன்?" என்றார் சதாசிவம். ஆனால் அவர் முகம் தொங்கிவிட்டது.

வைஷாலி யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அமைதியாக, "மேலே ஏத்திடுங்க. அம்மாவை இறக்கிடலாம். போதும்ப்பா, இதோட போதும்" என்றாள். ஒரே ஒரு தடவை என்ற பேச்சு பரிமளாவுக்கும் தெரியும். நாளைக்குச் சரிசெய்த லிஃப்ட்டில் ஏற்றுவதற்குப் படகும் இருக்காது, கல்யாணியம்மாவும் மறுபடி ஜன்னலோரம் போய்விடுவாள்.

மூர்த்தி பட்டனில் விரலை வைத்தான்.

"நான் இறங்க மாட்டேன்" என்றாள் கல்யாணி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க? தண்ணி தொடாம இறங்கக் கூடாது. நான் இறங்க மாட்டேன்."

"அம்மா, அது அவங்க ஊர் வழக்கம். நமக்கென்ன?" என்றாள் வைஷாலி.

"ஏட்டி," என்றாள் கல்யாணி. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "ரெண்டு வருஷமா என்னை எப்ப எழுப்பணும், எப்ப படுக்கவைக்கணும், எங்க உட்காரவைக்கணும் எல்லாம் நீங்கதான் முடிவு பண்ணுதீங்க. நான் ஏதாவது சொன்னனா? இன்னைக்குச் சொல்லுதேன். தண்ணி வர்ற வரைக்கும் இங்கயே இருப்பேன்."

சொர்ணத்துக்குத் தலைகால் புரியவில்லை. தன் வழக்கத்துக்கு இவ்வளவு மரியாதை குப்பத்தில்கூடக் கிடைத்ததில்லை. "அப்டி சொல்லும்மா! நானும் எறங்க மாட்டேன்!" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தொட்டில் ஒரு குலுங்கு குலுங்கியது.

பரிமளாவின் மூளை அப்போதுதான் மெல்ல வேலை செய்ய ஆரம்பித்தது. தண்ணீர் வர்ற வரைக்கும். வராதா என்ன? முகத்துவாரத்தை வெட்டினால் தண்ணீர் வெளியே மட்டுமா போகும்? கடல் ஏறினால் அதே வழியாக உள்ளேயும் வருமே! அமாவாசை கழிந்து நாலாம் நாள்; மதியத்துக்குக் கடல் நன்றாக ஏறும். மறுபடி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"தண்ணி இன்னும் வெளிய ஓடுதா அண்ணாத்த?"

"இல்லியே, நின்னு போச்சு. இப்ப சுத்திக்கினு கீது. கொஞ்ச நேரத்துல கடத் தண்ணி உள்ள ஏறும்."

"எவ்ளோ ஏறும்? ஒரு மொழம் ஏறுமா?"

"ஏறலாம். ஏறாமலும் போவலாம். கடலாண்ட போய் அளந்து குடுன்னா கேக்க முடியும்?"

அவ்வளவுதான் கிடைத்த உறுதி. பரிமளா அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "வரும்! மதியம் வரும்!" என்று துறையைப் பார்த்துக் கத்தினாள்.

பிறகு நடந்ததை வெள்ளோட்டம் என்பதா, உல்லாசப் பயணம் என்பதா தெரியவில்லை. வெயிலுக்கு சதாசிவம் வீட்டிலிருந்த கல்யாணக் குடை ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலியில் கட்டினார்கள். சர்க்கரைப் பொங்கலை இலையில் வைத்து மூர்த்தி துறையின் ஏணியில் இறங்கி நீட்டினான். அந்தரத்தில் தொங்கிக்கொண்டே மூன்று பெண்களும் சாப்பிட்டார்கள். சொர்ணம் கோவளத்துச் சந்தையில் நடந்த சண்டைகளை ஆள்மாற்றிக் குரல்மாற்றி நடித்துக் காட்டினாள். கல்யாணி பதிலுக்குக் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் நடந்த தண்ணீர்க் குழாய்ச் சண்டையைச் சொன்னாள். இரண்டு சண்டைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவாயிற்று. சிரித்துச் சிரித்துக் கல்யாணியின் கண்ணில் தண்ணீர் வந்தது. துறை விளிம்பில் நின்றிருந்த வைஷாலி முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், பிறகு காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, "எனக்குக் கொஞ்சம் பொங்கல் இருக்கா?" என்று கேட்டாள்.

தண்ணீரின் நிறம் முதலில் மாறியது. மழைத் தண்ணீரின் காப்பி நிறத்துக்குள் பச்சையாக ஒரு கோடு நுழைந்தது. சேறு மறைந்தது. கொக்கு இரண்டடி பின்வாங்கி, அப்புறம் ரோஷத்தோடு பறந்தே போய்விட்டது. பரிமளா குப்புறப் படுத்துக் கையை வெளியே நீட்டினாள். எட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நீட்டினாள். விரல் நுனி நனைந்தது.

"வந்துகினு கீது!"

பளக் என்று படகின் அடியில் முதல் அலை தட்டியபோது சொர்ணம் குலவையிட்டாள். தண்ணீர் ஏறியது, அடிப்பாகம் முழுவதும் நனைந்தது, பக்கவாட்டில் ஏறத் தொடங்கியது. ஆனால் படகு மிதக்கவில்லை. தொட்டிலை விட்டு எழும்பாமல் அடம்பிடித்து உட்கார்ந்திருந்தது. இன்னும் நாலு விரல்கடை ஏறினால் போதும். பரிமளா தூணையே பார்த்தாள். தூணில் நனைந்த கோடு அப்படியே நின்றது. ஏறவில்லை. கடல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம் அது, அடுத்தது இறக்கம்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நாலு விரல்கடைக்கா போக வேண்டும்?

கல்யாணி அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "பாரம் ஜாஸ்தியா? நான் இறங்கணுமா பரிமளா?"

"நீங்க எறங்கினா அப்புறம் படகு எதுக்குமா?" என்றாள் பரிமளா. சொல்லி முடிக்கவில்லை, அவள் பார்வை சொர்ணத்தின் மேல் போய் நின்றது. "அத்தே... எறங்கு!"

"அய்யய்யோ! வழக்கம் இன்னா ஆவறது?"

"தண்ணி தொட்டாச்சி! வழக்கம் முடிஞ்சிது! சீக்ரம் எறங்கு அத்தே, தண்ணி திரும்பிடப் போவுது!"

சொர்ணம் ஒரு கணம் யோசித்தாள். அப்புறம், "சரி, என் ஒடம்பு ஒருத்தருக்கு ஒதவுறது இன்னிக்குத்தான்" என்று புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். மேலேயிருந்து மூர்த்தி ஒரு கையையும் சதாசிவம் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். "விஞ்ஞானி சாரு, மெதுவா, நான் ஒண்ணும் ராக்கெட்டு இல்ல!" என்று அவள் அலறினாள். பரிமளா பொங்கல் குண்டானைத் தூக்கித் துறையில் வைத்தாள், நங்கூரத்தை வைத்தாள், எண்ணெய் கேனையும் வைத்தாள். சொர்ணத்தின் கடைசிக் கால் ஏணிக்குப் போனதோ இல்லையோ, படகு லேசாக அசைந்தது.

முதலில் அதை உணர்ந்தது கல்யாணிதான். "ஆடுது" என்றாள். ரொம்ப மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏங்க, ஆடுது! படகு ஆடுது!"

படகு தொட்டிலை விட்டு எழும்பி, சோம்பல் முறித்த மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பரிமளா துடுப்பைத் தூணில் ஊன்றி ஒரு தள்ளு தள்ளினாள். படகு வெளியே வந்துவிட்டது. சொர்ணம் துறையில் நின்று ஆடினாள். மூர்த்தி விசிலடித்தான். சதாசிவம் வீடியோ எடுத்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பின்னால் பார்த்தால் அதில் அவருடைய செருப்பு மட்டும்தான் இருந்தது. மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பரிமளா படகைத் துறையின் முனைக்குக் கொண்டுவந்து அங்கிருந்த இன்னொரு ஏணியோடு ஒட்டி நிறுத்தினாள். "நீங்க வர்றீங்களா பாப்பா? இங்க ஆழம் இருக்கு, இப்ப யார் ஏறினாலும் தாங்கும்" என்று வைஷாலியைக் கேட்டாள்.

வைஷாலி அப்பாவைப் பார்த்தாள். "போயிட்டு வா. நான் அடுத்த தடவை" என்றார் அவர். அடுத்த தடவை என்று அவர் சொன்னதை அவள் மறுக்கவில்லை என்பதைப் பரிமளா கவனித்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் இறங்கி வந்து வைஷாலி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இன்ஜின் பிடித்தது. துறையைத் தாண்டிக் கழியின் நடுவுக்கு வந்ததும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கல்யாணி இடது கையை வெளியே போட்டுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டே வந்தாள். புடவை முந்தானை நனைந்தது. நனையட்டும் என்று விட்டுவிட்டாள்.

துறையிலிருந்து மூர்த்தி கையைக் குவித்துக்கொண்டு கத்தினான். "பரிமளா! தண்ணி எறங்க ஆரம்பிச்சிருச்சி! இப்ப திரும்பினா ஏத்திடலாம்! இல்லன்னா ராத்திரி கடலு ஏறினாத்தான் தொட்டில்ல வெக்க முடியும்!"

பரிமளா இன்ஜினைத் தணித்தாள். பழக்கதோஷத்தில் வைஷாலியைத்தான் பார்த்தாள். அந்த வீட்டில் எதையும் வைஷாலியைத்தான் கேட்பார்கள். ராத்திரி மாத்திரை இருக்கிறது, வெயில் இருக்கிறது, ஆயிரம் இருக்கிறது. வைஷாலி வாயைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டு அம்மாவின் பக்கம் குனிந்தாள்.

"அம்மா, திரும்பலாமா? இல்ல போகலாமா?"

கல்யாணி தன்னைக் கேட்கிறார்கள் என்பதையே கொஞ்ச நேரம் ருசித்துக்கொண்டிருந்தாள். எதிரே கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலமும், அதற்கு அப்பால் முகத்துவாரமும், அங்கே வெள்ளையாக நுரைக்கிற கடலும் தெரிந்தன.

"போகலாம்" என்றாள்.

பரிமளாவுக்குச் சந்தோஷத்தில் ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. இன்ஜினை முடுக்கிவிட்டுக் கத்தினாள்.